உளியைப் பிடித்தால் கூலியின் அருமை தெரியும்!

வீட்டுக்கு ஒரு நாற்காலி வேண்டும். என்ன செய்வது?

கடைக்குப் போனால் ஐந்தே நிமிடத்தில் வாங்கிவிடலாம். பிளாஸ்டிக் நாற்காலிக்கு எடை குறைவு, விலையும் குறைவு. தலையில் கவிழ்த்துக்கொண்டே வீடு வந்து சேரலாம்!

ஆனால், தாத்தா காலத்துச் சாய்வு நாற்காலியை நம் கையாலேயே செய்து, அதில் காலை நீட்டிச் சாய்ந்தால் எப்படி இருக்கும்?

"இதெல்லாம் நடக்கிற காரியமா?" என்று சிலர் கேட்பார்கள். நடக்கிற காரியம்தான். உலகின் பல நாடுகளில் ஆசிரியர்களும் அலுவலக ஊழியர்களும் ஓய்வு நேரத்தில் வீட்டுக் கொட்டகையில் உளி பிடிக்கிறார்கள். பழங்காலப் பாணியில் மேசையும் நாற்காலியும் பெட்டியும் செய்கிறார்கள்.

தருமபுரி மாவட்டத்து வீடுகளிலும் இந்தப் பழக்கம் வர வேண்டும். காசு மிச்சமாகும் என்பதற்காக அல்ல. அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது.

மடக்கு நாற்காலி வந்த கதை

தருமபுரியும் கிருஷ்ணகிரியும் சேர்ந்த சீமைக்கு ஒரு காலத்தில் பாராமகால் என்று பெயர். திப்பு சுல்தானுடன் நடந்த போருக்குப் பிறகு, 1792-இல் அது கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போயிற்று. நிலவரி வேலைக்காக வந்த தாமஸ் மன்றோ, தருமபுரியில் வீடும் தோட்டமும் அமைத்துத் தங்கினார். பிற்காலத்தில் சென்னை மாகாணத்தின் கவர்னர் ஆனவர் இவர்தான்.

அந்தக் காலத்துக் கம்பெனி அதிகாரிகள் ஊர் ஊராகக் கூடாரம் அடித்துப் போவார்கள். மாட்டு வண்டியில் ஏற்றவும் இறக்கவும் வசதியாக, மடக்கும் கட்டில், மடக்கும் மேசை, மடக்கும் நாற்காலி எல்லாம் தேவைப்பட்டன. நம் நாட்டுத் தச்சர்களும் அவற்றைச் செய்து கொடுத்தார்கள்.

மடக்குச் சாமான் வெள்ளைக்காரர் கண்டுபிடிப்பு என்று நினைத்துவிட வேண்டாம். எகிப்து மன்னர் துட்டன்காமனின் கல்லறை 1922-இல் கண்டுபிடிக்கப்பட்டது. உள்ளே மடக்கும் கட்டிலே இருந்தது! வயது ஏறத்தாழ 3,300 ஆண்டுகள்.

நம் வீட்டுத் திண்ணையில் கிடந்த துணி போட்ட ஈஸிசேரும் இந்த மடக்குச் சாமான் கூட்டத்தைச் சேர்ந்ததுதான்.

நாற்காலியின் சூட்சுமம்

அதன் அமைப்பு மிக எளிது. இரண்டு நீள்சதுரச் சட்டங்கள். ஒன்றுக்குள் ஒன்று மடங்கும். பின்னால் முட்டுக் கொடுக்க ஒரு சிறு சட்டம். அது வந்து உட்காரக் கீழே வரிசையாகப் பள்ளங்கள். பள்ளத்தை மாற்றினால் சாய்வு மாறும். மேலும் கீழும் இரண்டு உருட்டுக் கட்டைகள். அவற்றில் கோத்த ஒரு கெட்டித் துணி.

துணி கிழிந்தால் துணியை மாற்றலாம். கட்டை ஒடிந்தால் கட்டையை மாற்றலாம். நாற்காலியைத் தூக்கி எறிய வேண்டியதே இல்லை!

சட்டத்தின் மூலைகளில்தான் தச்சரின் திறமை இருக்கிறது. ஒரு கட்டையின் நுனியை நாக்குப் போலச் செதுக்குவார்கள். அதற்குக் கழுந்து என்று பெயர். இன்னொரு கட்டையில் அதே அளவுக்குத் துளை வெட்டுவார்கள். கழுந்தைத் துளையில் இறக்கி, குறுக்கே ஒரு மூங்கில் ஆணி அடித்துவிட்டால் முடிந்தது.

இரும்பு ஆணி ஏன் கூடாது?

மரம் வெட்டிய பிறகும் அசைந்துகொண்டே இருக்கும். மழைக்காலத்தில் ஈரத்தை உறிஞ்சி உப்பும். கோடையில் சுருங்கும். இரும்பு ஆணி அதோடு சேர்ந்து அசையாது. நாளாக ஆகத் துரு பிடிக்கும், மரத்தையும் பிளக்கும். மூங்கில் ஆணிக்கு இந்தக் குணம் இல்லை. எகிப்து மன்னரின் நாற்காலிகளிலும் கழுந்தும் துளையும்தான் இருக்கின்றன.

இன்று கடைகளில் மரத்தூளைப் பசை போட்டு அழுத்திய பலகையில் அலமாரியும் மேசையும் கிடைக்கின்றன. பார்வைக்கு அழகாகத்தான் இருக்கின்றன. தண்ணீர் பட்டால் ஓரம் உப்பிவிடுகிறது. திருகாணி ஒரு முறை கழன்றால் மறுமுறை அதே இடத்தில் பிடிப்பதில்லை. பழுது பார்க்க முடியாத பொருள், வாங்கிய நாளிலிருந்தே குப்பைக்குப் புறப்பட்டுவிட்ட பொருள்!

மரத்துக்கு எங்கே போவது?

தேக்கு வேண்டும் என்று அடம் பிடிக்கத் தேவையில்லை. வேம்பை எளிதில் பூச்சி அரிக்காது. மாம்பலகை விலை குறைவு. ஆனால் ஈரமும் பூச்சியும் அண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். புளியமரம் கல் மாதிரி. புதிதாகப் பழகுகிறவர் கைக்கு அடங்காது. கொட்டாப்புளி செய்து கொள்ளலாம்.

பச்சை மரத்தில் வேலை செய்யக் கூடாது. பல மாதங்கள் நிழலில் அடுக்கி, காற்றாட உலர வைக்க வேண்டும். அவசரப்பட்டால் சட்டம் கோணும். மூட்டு விட்டுப் போகும்.

இதற்கும் ஒரு சுலப வழி உண்டு. பழைய வீட்டை இடிக்கும்போது கிடைக்கும் நிலை, கதவு, உத்தரம் எல்லாம் பல ஆண்டுகள் உலர்ந்த மரங்கள். ஆணிகளைப் பிடுங்கிவிட்டு இழைத்தால் உள்ளே புது நிறம் தெரியும்.

எச்சரிக்கை ஒன்று. சந்தனம், ஈட்டி போன்ற மரங்களைச் சட்டம் காத்து வந்திருக்கிறது. சொந்த நிலத்தில் நின்றாலும் வனத்துறையைக் கேட்காமல் கோடரி வைக்கக் கூடாது.

வேலையைக் கற்றுக்கொள்ளப் புத்தகம் தேட வேண்டாம். பரணில் கிடக்கும் பழைய நாற்காலியே பாடப் புத்தகம்! அதை இறக்கித் துடையுங்கள். நீள அகலத்தை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். மூட்டு எப்படிச் சேர்கிறது என்று பாருங்கள். புரியாத இடத்தில் ஊர்த் தச்சரைக் கேளுங்கள். சும்மா கேட்காதீர்கள், அவருடைய நேரத்துக்குக் கூலி கொடுத்துக் கேளுங்கள்.

யார் செய்யலாம்?

"அது அவர்கள் குலத்தொழில் ஆயிற்றே, நமக்கு எதற்கு?" என்ற பேச்சு இன்னும் போகவில்லை. இந்தப் பேச்சுதான் தச்சு வேலையைக் கெடுத்தது.

1953-இல் சென்னை மாநிலத்தில் ராஜாஜி அரசு ஒரு கல்வித் திட்டம் கொண்டு வந்தது. பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் பெற்றோரின் தொழில் என்றது அந்தத் திட்டம். குலக்கல்வி என்று சொல்லிப் பலத்த எதிர்ப்பு கிளம்பியது. அடுத்த ஆண்டு காமராஜர் முதலமைச்சர் ஆனார், திட்டம் கைவிடப்பட்டது. தச்சர் மகன் தச்சனாகத்தான் வேண்டும் என்பது அநியாயம். அதை எதிர்த்தது நியாயம்.

ஆனால் அந்த நியாயத்துக்கு மறுபக்கம் ஒன்று உண்டு. தச்சர் மகன் டாக்டராகலாம் என்றால், டாக்டர் மகளும் உளி பிடிக்கலாம்! கைவேலை யாருக்கும் விலங்கு அல்ல. யாருக்கும் இழிவும் அல்ல.

ஜார்ஜ் நகஷிமா என்ற அமெரிக்கரின் கதை இதற்குச் சாட்சி. அவருடைய பெற்றோர் ஜப்பானியர். அவர் கட்டடக் கலையில் பெரிய பட்டம் பெற்றவர். 1930-களின் பிற்பகுதியில் புதுச்சேரிக்கு வந்தார். அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதியைக் கட்டும் வேலையில் இருந்தார். அந்த விடுதிக்கு மரச் சாமான்களும் வடிவமைத்தார். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க அரசு ஜப்பானிய வம்சத்தவரை முகாம்களில் அடைத்தது. முகாமில் இருந்த ஒரு ஜப்பானியத் தச்சரிடம், இந்தப் பட்டதாரி மாணவராக உட்கார்ந்தார். பிற்காலத்தில் அவர் செய்த மேசை நாற்காலிகள் உலகப் புகழ் பெற்றன.

படித்தவர் தச்சரிடம் கற்றார். அதனால் அவர் மதிப்புக் குறைந்துவிட்டதா?

தச்சர் பிழைப்பு கெடுமா?

எல்லோரும் வீட்டிலேயே செய்துகொண்டால் தச்சரின் கதி என்ன? நல்ல கேள்வி.

தருமபுரி மாவட்டத்திலேயே இதற்குப் பதில் இருக்கிறது. ஒகேனக்கல்லில் மூங்கிலை வளைத்துப் பின்னிய பரிசல்கள் இன்றும் ஓடுகின்றன. முன்பு அடியில் தோல் போர்த்தினார்கள். பிறகு பிளாஸ்டிக் விரிப்பும் தாரும் வந்தன. பொருள் மாறியது, கைவேலை நின்றுவிடவில்லை. காரணம், ஜனங்கள் அதில் ஏறுகிறார்கள். உபயோகிக்கிற பொருள் பிழைக்கும். பொருள் பிழைத்தால் தொழிலாளியும் பிழைப்பார்.

இன்று பென்னாகரம், அரூர் பக்கத்திலிருந்து பெங்களூருக்கும் ஓசூருக்கும் வேலை தேடிப் போகிறவர்கள் ஏராளம். ஊரில் வேலை இல்லை. இருந்தாலும் கூலி கட்டவில்லை. ஒரு நாற்காலிக்குத் தச்சர் கூலி சொன்னால், "நாலு கட்டையைச் சேர்க்க இவ்வளவா?" என்று பேரம் பேசுகிறோம். பெரிய கடையில் மட்டும் சீட்டில் போட்ட விலையை வாய் திறக்காமல் கொடுக்கிறோம்!

அந்த நாலு கட்டையை நாமே ஒரு முறை சேர்த்துப் பார்க்க வேண்டும்.

முதல் நாற்காலி ஆடும். ஒரு கால் குட்டையாகிவிடும். அதைச் சரி செய்ய மற்ற மூன்றையும் அறுப்போம்; நாற்காலி மணைக்கட்டை உயரத்துக்கு வந்துவிடும்! மரச் செலவையும் உளி, இழைப்புளி, ரம்பத்தின் விலையையும் கூட்டினால், கடை நாற்காலியைவிட அதிகமாகவே ஆகும். கூர்மையான கருவிகளைக் குழந்தைகள் எடுக்காமல் பூட்டி வைக்க வேண்டும். இவ்வளவு தொல்லையும் உண்டு. மறைக்க வேண்டியதில்லை.

ஆனால், ஒரு கழுந்தைத் துளைக்குள் சரியாக இறக்க ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போராடியவருக்கு ஒன்று புரிந்துவிடும். அதே வேலையை அரை மணி நேரத்தில் முடிக்கிற தச்சருக்குப் பின்னால் எத்தனை ஆண்டுப் பழக்கம் இருக்கிறது என்பது புரிந்துவிடும். அவர் கேட்பது அந்த அரை மணிக்குக் கூலி அல்ல. அத்தனை ஆண்டுகளுக்கும் கூலி!

அப்படிப்பட்டவர் அடுத்த முறை கட்டிலோ பெட்டியோ வேண்டுமென்றால் யாரிடம் போவார்? தெருமுனைத் தச்சரிடம்தான் போவார். கூலி சொன்னதும், "இவ்வளவா?" என்று கேட்க அவருக்கு வாய் வராது.

ஊருக்கு நூறு வீட்டில் வேண்டாம். பத்து வீட்டில் உளிச் சத்தம் கேட்கட்டும். அது தச்சர் பட்டறையின் வாசலில் ஆள் வரவழைக்கும் சத்தம்.