மேல் வரியையும் கொஞ்சம் படிங்கய்யா!

நெஞ்சு சிடி ஸ்கேன் ரிப்போர்ட்டை நம்மாளுங்க படிக்கிற விதமே தனி. '5 மிமீ நாட்யூல்'னு ஒரு வரி கண்ணுல பட்டா போதும், வீடே இழவு வீடாயிடும். "கட்டியாம்"னு ஒருத்தர் ஆரம்பிச்சா, அடுத்த தெருவுக்குப் போறதுக்குள்ள அது "கேன்சராம்". அதே ரிப்போர்ட்டில் அதுக்கு மேல் வரியில 'இரண்டு பக்கமும் எம்பைசீமா'ன்னு போட்டிருக்கும். அதை ஒருத்தரும் சீண்ட மாட்டாங்க. கேட்டா, "அது வயசானா வர்ற இரைப்புதானே சார்?"

இல்லீங்க. எனக்குக் கோபமே இந்த அலட்சியத்தின் மேலதான்.

நாட்யூல் என்பது படத்தில் தெரியும் ஒரு புள்ளி. 3 செ.மீ. வரைக்கும் அதுக்கு அந்தப் பேர்தான். எப்பவோ வந்து ஆறிப்போன டிபியின் தழும்பாகக்கூட இருக்கலாம் (நம்ம நாட்டில் இது சர்வ சாதாரணம்). அமெரிக்காவில் பல வருஷம் சிகரெட் ஊதித் தள்ளின 53,000-க்கும் மேற்பட்டவங்களை வெச்சு ஓர் ஆய்வு நடந்து, 2011-ல் முடிவு வெளியாச்சு. சிடியில் 'சந்தேகம்'னு வந்த முடிவுகளில் 96 சதவீதம் புற்றுநோயே இல்லை! இத்தனைக்கும் எல்லாரும் ஆபத்து அதிகமுள்ள ஆசாமிகள்.

அதுக்காக நாட்யூலைத் தூக்கிக் குப்பையில போடச் சொல்லலை. வளர்ந்துக்கிட்டே போனாலோ, ஓரம் முள்ளு முள்ளா இருந்தாலோ, 8 மிமீ தாண்டினாலோ சும்மா விடக்கூடாது. அதே ஆய்வில்தான், வெறும் எக்ஸ்ரே எடுத்தவங்களைவிட சிடி எடுத்தவங்க நுரையீரல் புற்றுநோயில் சாவது 20 சதவீதம் குறைஞ்சது.

ஆனா எம்பைசீமா சந்தேகக் கேஸ் இல்லை. நடந்து முடிஞ்ச சேதாரம். காற்றுப்பைகளின் சுவரே அழிஞ்சு, சின்னச் சின்ன அறைகளெல்லாம் ஒரே கூடமாயிடும். உள்ளே போன காத்து வெளியே வர முடியாம மாட்டிக்கும். அழிஞ்ச சுவர் திரும்ப வளராது. முதல்ல மாடிப்படியில மூச்சு வாங்கும். முத்திப்போனா குளிச்சுத் துண்டு கட்டறதுக்குள்ளயே வாங்கும். இது சேர்ந்த சிஓபிடி என்ற நோய்க்கூட்டம் 2021-ல் மட்டும் உலகத்தில் சுமார் 35 லட்சம் பேரைக் கொண்டுபோயிருக்கு. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு, என் கணக்கு இல்லை.

இன்னொரு விஷயம். எம்பைசீமா இருக்கிற நுரையீரலில் புற்றுநோய் வர்ற வாய்ப்பும் அதிகம். ஆக, அந்தப் புள்ளியைப் பார்த்து நிஜமாவே பயப்படறவர் முதல்ல படிக்க வேண்டியதே மேல் வரியைத்தான்!

நடக்கிறது என்ன? அடுத்த ஸ்கேன் தேதியை காலண்டர்ல வட்டம் போட்டு வெச்சிருப்பார். ஸ்கேன் சென்டர் வாசல்லயே பீடியும் பத்த வைப்பார். பீடியை விட்டா மீதியிருக்கிற நுரையீரல் தேயும் வேகமாவது குறையும். ஊதிப் பார்க்கிற ஸ்பைரோமெட்ரி டெஸ்ட்டுக்கு ஸ்கேன் அளவுக்குச் செலவு ஆகாது. அதை எடுக்கச் சொன்னா டாக்டர் காசு புடுங்கறார்னு புலம்பல். இன்ஹேலர் எழுதிக் கொடுத்தாலோ, "வேணாம் சார், பழகிடும்!"

பீடி பழகினப்ப இந்த பயம் எங்கய்யா போயிருந்தது?