அரண்மனையிலிருந்து உப்பளம் வரை

நாவல் படிக்கும் பெண் பாடம் படிக்க மாட்டாள் என்ற எண்ணம் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. அலமாரியில் கதைப் புத்தகம் இருந்தால் பாடப் புத்தகத்துக்குப் பின்னால் மறைத்து வைக்கும் தோழியர் பலரை நான் அறிவேன். பத்தாம் வகுப்பு வந்துவிட்டால் முதலில் நிறுத்தப்படுவது கதை படிப்பதுதான். பெற்றோரின் அக்கறையை நான் குறை கூறவில்லை. ஆயினும் நல்ல நாவல் என்பது பொழுதைக் கொல்லும் பொருளன்று. அது நாம் பிறந்திராத வீட்டிலும் வாழ்ந்திராத காலத்திலும் சில நாட்கள் குடியிருந்துவிட்டு வரும் வாய்ப்பு என்பதே என் கருத்து. நான் விரும்பிப் படித்த சில நாவல்களைக் கொண்டு இதை விளக்க முயல்கிறேன்.

தமிழின் முதல் நாவலை எழுதியவர் யார் என்பது நம் தமிழ்ப் பாடத்தில் வரும் ஒரு மதிப்பெண் வினா. மாயூரம் வேதநாயகம் பிள்ளை என்று எழுதி மதிப்பெண் பெற்றுவிடுகிறோம். ஆனால் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ நூலைத் திறந்து பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? 1879-ஆம் ஆண்டு அச்சேறிய அந்நாவலில் கதாநாயகன் பெயரளவில்தான் நாயகன். அறிவிலும் துணிவிலும் ஓங்கி நிற்பவள் அவன் மனைவி ஞானாம்பாள். அவள் ஆண் வேடம் பூண்டு செல்கையில், பட்டத்து யானை மாலையிட, விக்கிரமபுரிக்கு அரசனாகவே ஆகிவிடுகிறாள். நீதி வழுவாமல் ஆட்சியும் புரிகிறாள். நம்பத்தக்க நிகழ்ச்சியா என்று கேட்டால், இல்லைதான். ஆனால் பெண்கள் பள்ளிக்குச் செல்வதே அரிதாயிருந்த நாளில், பெண்ணுக்குக் கல்வி கொடுத்தால் ஒரு நாட்டையே ஆள்வாள் என்று கூற ஒருவர் நாவல் என்ற புதிய வடிவத்தைத் தேர்ந்துகொண்டார். அவர் முன்சீப்பாகப் பணியாற்றிய கத்தோலிக்கர். பெண் கல்வியை வற்புறுத்தித் தனியாகவும் எழுதியவர். ஆகவே, தமிழ் நாவல் பிறந்ததே நம் போன்ற பெண்களின் படிப்புக்கு வாதாடிக்கொண்டுதான். பெண்களுக்கு நாவல் ஆகாது என்போர் இதைச் சற்றே நினைத்துப் பார்க்கட்டும்.

சரித்திர நாவல் என்றதும் நம் எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வருவது கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’. 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் வெளிவந்து, ஐந்து பாகங்களாக நிறைந்த பெருங்கதை. மணியத்தின் ஓவியங்களோடு வந்த அந்தப் பழைய இதழ்களைக் கிழித்துத் தைத்துப் பாதுகாத்த பாட்டிமார் எத்தனையோ பேர். 2022, 2023 ஆண்டுகளில் இரு பகுதிகளாகத் திரைப்படம் வந்த பிறகு நம் வகுப்பிலும் குந்தவை பெரியவளா, நந்தினி பெரியவளா என்ற வழக்கு ஓயாமல் நடந்தது. படம் பார்த்தாகிவிட்டது, இனி ஏன் படிக்க வேண்டும் என்று கேட்கும் தோழியருக்கு ஒன்று சொல்வேன்: ஆடிப் பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில் வந்தியத்தேவனோடு குதிரையில் செல்லும் இன்பம் திரையில் சில நிமிடங்களே. புத்தகத்தில் அது நம் விருப்பம் போல் நீளும்.

என் மனத்தைக் கவர்ந்தவள் குந்தவையுமல்லள், நந்தினியுமல்லள். கோடிக்கரையின் ஓடக்காரப் பெண் பூங்குழலியே. அரண்மனைப் பெண்களுக்குப் பல்லக்கும் பணிப்பெண்களும் உண்டு. இவளுக்கு ஒரு படகும் இரு துடுப்புகளுமே. புயலில் சிக்கிய வந்தியத்தேவனையும் இளவரசரையும் கடலிலிருந்து மீட்பவள் இவள்தான். சோழநாட்டின் வருங்காலம் அன்றிரவு ஓர் ஏழைப் பெண்ணின் கைவலிமையில் இருந்தது என்று கல்கி காட்டியது எனக்குப் பெருமையாக இருந்தது.

இந்நாவலை நான் மதிப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வழக்கமாக அரச கதைகள் முடி சூடுவதில் முடியும். இதுவோ முடியை விட்டுக்கொடுப்பதில் முடிகிறது. அருள்மொழிவர்மர் தம் சிற்றப்பாவுக்கு வழிவிட்ட செய்தி திருவாலங்காட்டுச் செப்பேடுகளிலேயே உள்ளது. 985-ல்தான் அவர் முதலாம் இராஜராஜனாக அரியணை ஏறினார். கிடைத்ததைப் பிடித்துக்கொள்வதே திறமை என்று கற்பிக்கும் உலகில் இந்தப் பாடம் சிறியதன்று.

எனினும் சரித்திர நாவலைப் படிப்போருக்கு ஓர் எச்சரிக்கை வேண்டும். நாவல் சரித்திரமாகாது. குந்தவை வாழ்ந்தவள், தஞ்சைப் பெரிய கோயிலுக்கு அவள் அளித்த கொடைகள் கல்லில் பொறிக்கப்பட்டுள்ளன. நந்தினியோ கல்கியின் கற்பனையில் பிறந்தவள். ஆதித்த கரிகாலன் கொலையுண்டது உண்மை. அதில் தொடர்புடைய இரவிதாசன் முதலியோரின் நிலங்கள் இராஜராஜன் காலத்தில் பறிக்கப்பட்டதை உடையார்குடிக் கல்வெட்டு கூறுகிறது. எது கல்லில் உள்ளது, எது கதாசிரியர் நெஞ்சில் தோன்றியது என்று பிரித்துப் பார்ப்பது நாவலின் சுவையைக் கெடுப்பதில்லை, இரட்டிப்பாக்குகிறது. நாவலையும் வரலாற்றுப் புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கும் மாணவிக்குத் தேர்வுக்கும் பயன் உண்டு.

‘சிவகாமியின் சபதம்’ பற்றி என் கருத்து சற்று மாறுபட்டது. நடையழகில் அதற்கு நிகரில்லை என்பேன். ஆனால் வாதாபி எரிந்தாலன்றி அந்நகரை விட்டு வரமாட்டேன் என்று சிவகாமி உரைத்த சபதத்தை எல்லோரும் புகழ்வது போல் என்னால் புகழ இயலவில்லை. அவள் அடைந்த துயரம் பெரிது. அந்தக் கோபம் நியாயமானது. ஆயினும் அதை நிறைவேற்ற ஒரு நகரமே தீக்கிரையாயிற்று. இறுதியில் அவளுக்கும் அதனால் வாழ்வு மலரவில்லை. பழிக்குப் பழி வாங்கினால் மிஞ்சுவது என்ன என்பதைத்தான் கல்கி சொல்லாமல் சொல்கிறார் என்று நான் எண்ணுகிறேன். தோழியர் சிலர் இதை மறுக்கக்கூடும், மறுக்கட்டும். ஒரு நல்ல நாவல் வாதத்துக்கு இடம் தர வேண்டும் அன்றோ?

இனிச் சமூக நாவல்களுக்கு வருவோம். நா. பார்த்தசாரதியின் ‘குறிஞ்சி மலர்’ நம் தாய்மார் பலரின் உள்ளத்தில் இடம்பெற்ற நூல். தந்தையை இழந்து, தம்பி தங்கையரைத் தன் தோளில் தாங்கும் பூரணியும், பிறர்க்கென வாழும் அரவிந்தனும் அக்காலத்தில் எவ்வளவு நேசிக்கப்பட்டார்கள் என்றால், பலர் தம் பிள்ளைகளுக்கு அப்பெயர்களையே சூட்டினர். படிக்கும்போது உள்ளம் உயர்கிறது, உண்மை. ஆனால் குறையே இல்லாத மனிதர்களை நான் எங்கள் தெருவில் கண்டதில்லை. பூரணி ஒரு நாளாவது தம்பியைக் கடிந்து விழுந்திருந்தால் அவளை இன்னும் நெருக்கமாக உணர்ந்திருப்பேன்.

அந்த நெருக்கத்தை எனக்குத் தந்தவை இரு நாவல்கள். இரண்டையும் எழுதியவர்கள் பெண்கள்.

முதலாவது, ராஜம் கிருஷ்ணனின் ‘கரிப்பு மணிகள்’. உழைப்பவர்கள் நடுவே நேரில் சென்று, பார்த்து, கேட்டு எழுதுவது இவ்வாசிரியரின் வழக்கம். இந்தியாவில் குஜராத்துக்கு அடுத்தபடியாக உப்பு விளைவது தமிழ்நாட்டில். அதிலும் பெரும்பங்கு தூத்துக்குடிப் பகுதியில். நாம் சோற்றில் இடும் அந்த ஒரு சிட்டிகை உப்புக்குப் பின்னால் பொன்னாச்சி போன்ற இளம்பெண்கள் நிற்கிறார்கள். கண் கூசும் வெயில். பாத்தியில் நின்று நின்று காலில் புண். அந்தப் புண்ணில் மீண்டும் உப்பு நீர். இவை போதாவென்று வேலை வாங்குவோரின் தகாத எண்ணங்களையும் அவள் சமாளிக்க வேண்டியிருக்கிறது. அந்நாவலைப் படித்து முடித்த பின், உப்பு ஜாடியைத் திறக்கும்போதெல்லாம் அவள் நினைவு வருகிறது.

இரண்டாவது, ஹெப்சிபா ஜேசுதாசனின் ‘புத்தம் வீடு’. 1964-ல் வெளிவந்த இது, கன்னியாகுமரி மாவட்டத்துப் பனைமரங்களுக்கிடையே நடக்கும் சின்னஞ்சிறு நாவல். வாழ்ந்து நொடித்த ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தின் பெண் லிஸி. படிப்பில் ஆசை உள்ளவள். பெரிய பெண்ணாகிவிட்டாள் என்ற ஒரே காரணத்துக்காகப் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டு வீட்டுக்குள் வைக்கப்படுகிறாள். யாரும் அவளை அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. அன்பாகவே கதவைச் சாத்துகிறார்கள். பனையேறியின் மகன் ஒருவனை அவள் விரும்பும்போது, குடும்பப் பெருமை என்னும் இரண்டாவது கதவும் சாத்தப்படுகிறது. அவள் கூச்சலிடாமல், உறுதியாகக் காத்திருக்கிறாள். குந்தவைக்குப் பின்னால் ஒரு பேரரசு நின்றது; லிஸிக்குப் பின்னால் ஒருவரும் இல்லை. யாருடைய துணிவு பெரிது என்று கேட்டால், நான் லிஸி பக்கமே நிற்பேன்.

லிஸியின் கதை பழங்கதை என்று ஒதுக்கிவிட முடியுமா? நன்றாகப் படித்துக்கொண்டிருந்த ஒரு தோழியின் இடம் விடுமுறைக்குப் பின் வகுப்பில் காலியாக இருப்பதை நம்மில் சிலர் கண்டிருக்கிறோம். இன்னும் படிக்க விரும்பியும், வீட்டு நிலையாலோ அவசரத் திருமணத்தாலோ பாதியில் நிற்பவர்கள் இன்றும் உண்டு. லிஸியைப் படித்தவள் அந்தக் காலி இடத்தைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க மாட்டாள். அவள் வீட்டுக்குப் போவாள்; ஆசிரியையிடம் சொல்வாள்; ஏதேனும் செய்வாள். நாவலால் என்ன பயன் என்று கேட்போருக்கு என் விடை இதுதான்.

ஆதலின் சரித்திர நாவல் வேண்டாம், சமூக நாவலே போதும் என்று நான் கூற வரவில்லை. முன்னது நம் வேரைக் காட்டுகிறது. பின்னது நம் அண்டை வீட்டைக் காட்டுகிறது. அரண்மனையில் தொடங்குவது எளிது, இனிமையும்கூட. அங்கேயே தங்கிவிடாமல், உப்பளம் வரையிலும் பனங்காடு வரையிலும் நடந்து வர வேண்டும்.

அன்புள்ள பெற்றோரே, உங்கள் மகள் கையில் நாவலைக் கண்டால் பறிக்காமல், என்ன கதை என்று கேளுங்கள். முடிந்தால் அவள் படித்த பின் நீங்களும் படியுங்கள். மதிப்பிற்குரிய அருட்சகோதரியரே, நூலக வகுப்பில் மாதம் ஒரு நாவலைப் பற்றி நாங்கள் பேசவும் வாதிடவும் ஒரு மணி நேரம் தாருங்கள். தோழியரே, வரும் கோடை விடுமுறையில் ஒரு சரித்திர நாவலும் ஒரு சமூக நாவலும் படித்து வாருங்கள். பூங்குழலியா, லிஸியா என்ற வழக்கை அப்போது வைத்துக்கொள்வோம்.