கியர் பொக்ஸ் ரீகோல்: கெஞ்ச வேண்டியவர்கள் நாமல்ல



கம்பனி பைக்கைத் திருப்பி அழைத்துப் பழுது பார்ப்பது உபகாரமல்ல, தன் பிழையைத் திருத்தும் கடமை. ஓடும்போது கியர் பொக்ஸ் இறுகினால் பின்சில்லு பூட்டிக்கொள்ளும். பின்னால் இருப்பது நம் பிள்ளை. "பார்ட்ஸ் வரல்ல, பிறகு வாங்க சேர்" என்று எங்களை மூன்று தரம் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதுவரை ஓடலாமா என்று கேட்டால் பதிலில்லை.

நம்மிலும் பிழையுண்டு. ஓபன் பேப்பரில் வாங்கி வருடக்கணக்காகப் பேர் மாற்றாமல் ஓடுகிறோம்; கடிதம் வந்தாலும் பழைய சொந்தக்காரருக்குத்தான் போகும். பழுதை மறைத்து விற்பவர்களும் நமக்குள் இருக்கிறார்கள். அது ஹராம்.

சேசிஸ் நம்பரைக் கொடுத்துக் கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். இழுத்தடித்தால் நுகர்வோர் அதிகார சபைக்கு 1977 இல் அறிவியுங்கள். வாய்மூடி இருப்பது சபூர் அல்ல.