தலைவலியும் தலைவிதியும்

ஊத்தங்கரைப் பக்கத்துக் கிராமங்களில் ஒரு பெண் தலையைப் பிடித்துக்கொண்டு இருட்டறையில் படுத்துவிட்டால், மாமியார் அதைப் பாசாங்கு என்கிறாள். பூசாரி பேய் என்கிறான். கடைக்காரன் வலி மாத்திரை ஒன்றைக் கிழித்துக் கொடுக்கிறான். அது ஒரு வியாதி என்று சொல்ல மாத்திரம் ஆளில்லை.

ஒற்றைத் தலைவலி மூளையும் நரம்பும் சம்பந்தப்பட்ட நோய். குடும்பத்தில் தொடர்ந்தும் வரும். வாந்தியெடுக்கும்; வெளிச்சமும் சத்தமும் ஆகாது; மூன்று நாள் வரைகூட ஆளை எழவொட்டாது. நமக்கு அண்டையிலுள்ள பெங்களூர்ப் பகுதியில் நகரத்திலும் கிராமத்திலும் விசாரித்து 2015-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், வயது வந்தவர்களில் 100-க்குச் சுமார் 25 பேருக்கு ஓராண்டுக்குள் இது வந்திருந்ததாகவும், ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகமென்றும் கண்டார்கள். நாலு பேரில் ஒருவரைப் பிடிக்கும் அந்தப் பேய், டாக்டர் கொடுக்கும் மாத்திரைக்குப் பயந்து ஓடுவானேன் என்று பூசாரியைக் கேட்கிறோம்.

பட்டினியும் தூக்கக் கேடும் இந்நோயைக் கிளப்பிவிடும். அப்படியிருக்க, சஷ்டி, ஏகாதசி, வெள்ளிக்கிழமை என்று விரதங்களையெல்லாம் பெண்கள் தலையிலேயே கட்டிவிட்டு, பிறகு அவள் தலை வலிக்கிறதென்றால் விதி என்பது என்ன நியாயம்? ஓசூர் ஆலைகளில் இராத்திரி முறை வேலை பார்க்கும் வாலிபர்களின் கதியும் இதுவே. கடை மாத்திரையை மாதத்தில் 15 நாளும் அதற்கு மேலும் மாதக்கணக்கில் தின்றால், அதுவே தலைவலியை நிரந்தரமாக்கிவிடும் என்பதையும் யாவரும் அறியவேண்டும்.

நிற்க, சர்க்கார் செய்யவேண்டியது என்ன? 2021 ஆகஸ்ட் 5-ந் தேதி ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்னும் திட்டம் நம் ஜில்லாவின் சாமனப்பள்ளியில்தான் துவக்கப்பட்டது. இரத்த அழுத்தத்திற்கும் நீரிழிவுக்கும் மருந்து வீடு தேடி வருகிறது. அப்படி வருகிறவர்கள், “மாதத்தில் எத்தனை நாள் தலை வலிக்கிறது? எத்தனை மாத்திரை தின்கிறாய்?” என்று இரண்டு கேள்வி கேட்டால் என்ன கெட்டுவிடும்? அடிக்கடி வராமல் தடுக்கும் புரொப்ரனலால், அமிட்ரிப்டிலின் ஆகியவை பழைய, மலிவான மருந்துகள். முன்னது ஆஸ்துமாக்காரருக்கு ஆகாதாகையால் டாக்டர் பார்த்தே கொடுக்கவேண்டும். வந்த வலியை அடக்கும் சுமட்ரிப்டானை உலக சுகாதார ஸ்தாபனம் 2021-ல் அத்தியாவசிய மருந்துகளில் சேர்த்தது. இவை ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் எப்போதும் இருக்கவேண்டும். திடீரென இடிபோல் வரும் வலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, கைகால் விழுதல் ஆகியவை கண்டால், தாமதியாமல் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் ஏற்பாடும் வேண்டும்.

ஆகவே தோழர்கள் அடுத்த கிராம சபையிலேயே இதைத் தீர்மானமாகக் கொண்டுவரவேண்டும். தலை வலிக்கிற பெண்களையே முன்வந்து பேசச் செய்யவேண்டும் என்பது நமது அபிப்பிராயம்.