சகேயுவுக்கு இரண்டு நாள் கொடுங்கள்

மே மாதம் பிறந்துவிட்டால் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துக் கோயில் வளாகங்களில் வி.பி.எஸ். களைகட்டிவிடும். விடுமுறை வேதாகமப் பள்ளி என்று முழுப்பெயர் சொல்பவர்கள் குறைவு. பாட்டு, செய்கை, கதை, மனப்பாட வசனம், கடைசியில் பிஸ்கட்டும் ஜூஸும். பாளையங்கோட்டையில் ஓய்வுநாள் பள்ளியில் சின்னப் பிள்ளைகள் வகுப்பை எடுக்கும் எனக்கு ஆண்டில் இதைவிடச் சந்தோஷமான காலம் கிடையாது. இயேசுவின் இரட்சிப்பைப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும் என்பதில் எனக்கு எள்ளளவும் தயக்கமில்லை. சொல்கிற விதத்தில்தான் மனத்தாங்கல்.

வழக்கமாகக் கையில் எடுப்பது எழுத்தில்லாப் புத்தகம். உள்ளே வெறும் வண்ணத்தாள்கள். 1866-இல் லண்டனில் ஸ்பர்ஜன் போதகர் ஒரு பிரசங்கத்தில் கறுப்பு, சிவப்பு, வெள்ளை என மூன்று நிறங்களை வைத்துப் பாவம், கிறிஸ்துவின் இரத்தம், சுத்திகரிப்பு ஆகியவற்றை விளக்கினார். 1875-இல் அமெரிக்க நற்செய்தியாளர் டி.எல். மூடி பரலோகத்துக்குப் பொன்னிறத்தைச் சேர்த்தார். பச்சை அதற்கும் பிறகு. வாசிக்கத் தெரியாத பிள்ளைக்கும் புரியும் என்பதால் நாடு நாடாகப் பரவியது. அந்த நல்லெண்ணத்தை நான் மதிக்கிறேன். ஆனால் கறுப்புத் தாளைத் தூக்கிப் பிடித்து, "உன் இருதயம் இப்படித்தான் இருக்கு" என்று நம் ஊர்ப் பிள்ளைகளிடம் சொல்லும்போது என்ன நடக்கிறது? யூகேஜி படிக்கும் ஒரு சிறுமி முழங்கையைத் தேய்த்துக்கொண்டே, "நானும் கறுப்புதான டீச்சர்?" என்று கேட்டாள். சொந்தக்காரர் வீட்டு விசேஷத்தில்கூட 'கருப்பி' என்று பெயர் வாங்கி வளரும் பிள்ளை. கோயிலுக்கு வந்த இடத்திலும் அவள் நிறத்துக்கே பாவம் என்று பெயர் வைத்துக் கொடுக்கலாமா? ஸ்பர்ஜன் தன் லண்டன் சபைக்குப் பேசினார். நாம் பேசுவது இந்தப் பிள்ளையிடம்.

அதைவிட என்னை வருத்துவது நரகப் படம். தீ எரியும் படத்தைக் காட்டி, இன்றைக்கு ராத்திரி நீ செத்துப்போனால் எங்கே போவாய் என்று ஆறு வயதுப் பிள்ளையிடம் கேட்கிறார்கள். பிறகு, இயேசுவை ஏற்றுக்கொள்கிறவர்கள் கையைத் தூக்குங்கள் என்கிறார்கள். பக்கத்தில் இருப்பவன் தூக்கினாலே தானும் தூக்குகிற வயது அது. அன்று மாலையே அறிக்கைத் தாளில் 'ஒப்புக்கொடுத்த பிள்ளைகள்' என்ற கட்டத்தில் எண் ஏறிவிடும். அப்படி ஒரு வகுப்பு முடிந்து வெளியே வந்த பையன் செருப்பை மாட்டிக்கொண்டே என்னிடம் கேட்டான்: "எங்க ஆச்சி அம்மன் கோயிலுக்குத்தான போவாவ. அவிய அந்தத் தீயில விழுந்துருவாவளா?" அவனுக்குத் தன்னைப் பற்றிய பயமே இல்லை. ராத்திரி மடியில் போட்டுத் தட்டித் தூங்கவைக்கிற ஆச்சியைப் பற்றிய பயம். அதை நற்செய்தி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

எங்கள் சி.எஸ்.ஐ. சபையில் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கும்போது வாக்குக் கொடுப்பவர்கள் பெற்றோரும் ஞானப் பெற்றோரும். பிள்ளை வளர்ந்து, வகுப்புக்கு வந்து, தன் வாயால் விசுவாசத்தை அறிக்கையிடுவது பதின்ம வயதில், திடப்படுத்தல் ஆராதனையில். அத்தனை வருஷம் காத்திருக்கத் தெரிந்த சபைக்குப் பத்து நாள் வி.பி.எஸ்.ஸில் மட்டும் என்ன அவசரம்?

சின்னப் பிள்ளைகளுக்கு இரட்சிப்பைச் சொல்ல லூக்கா 19-ஆம் அதிகாரத்தின் முதல் பத்து வசனங்களே போதும் என்பேன். சகேயு எரிகோவில் ஆயக்காரருக்குத் தலைவன். ரோமருக்காக வரி வாங்குகிறவன், பணக்காரன், ஊரார் வெறுக்கிற ஆள். குள்ளமானவன் என்பதால் கூட்டத்துக்கு முன்னால் ஓடிக் காட்டத்தி மரத்தில் ஏறுகிறான். இந்த இடத்திலேயே பிள்ளைகள் அவன் கட்சிக்கு வந்துவிடுவார்கள். இயேசு மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்துப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார், இன்றைக்கு உன் வீட்டில் தங்க வேண்டும் என்கிறார். அதுவரை சகேயு மன்னிப்புக் கேட்கவில்லை. முதலில் விருந்தாளி வருகிறார். அதன் பிறகுதான் அவன் எழுந்து நின்று, சொத்தில் பாதி ஏழைகளுக்கு, ஏமாற்றி வாங்கியதற்கு நாலு மடங்கு என்று சொல்கிறான். இரட்சிப்பு இந்த வீட்டுக்கு வந்தது என்று இயேசு சொல்வது அப்போது.

நாலு மடங்கு என்றதும் என் வகுப்பில் ஒரு பையன் விரலை மடக்கிக் கணக்குப் போட்டான். "அப்ப ஒரு ரப்பர் எடுத்தா நாலு ரப்பர் குடுக்கணுமா டீச்சர்?" யார் ரப்பர் என்று நான் கேட்கவில்லை. பாவம் இன்னதென்று அவனுக்குக் காட்ட எந்தத் தாளும் தேவைப்படவில்லை.

சிலுவையைச் சொல்லாத சுவிசேஷம் நீர்த்துப்போனது என்று சில ஊழியர்கள் கோபிப்பார்கள். சிலுவையை விடச் சொல்லவில்லை. புனித வெள்ளிக்குக் கோயிலுக்கு வரும் பிள்ளைக்கு அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஆனால் சகேயு வீட்டுக்கு வந்தவர் என்று அவரை முன்பே தெரிந்துகொண்ட பிள்ளை, அவரைச் சிலுவையில் அறைந்தார்கள் என்றதும் "ஏன்?" என்று பதறிக் கேட்கும். அப்படிக் கேட்கிற பிள்ளைக்குத்தான் சிலுவையைச் சொல்ல வேண்டும்.

இன்னொன்று. வி.பி.எஸ்.ஸுக்கு இந்து, முஸ்லிம் வீட்டுப் பிள்ளைகளும் வருகிறார்கள். தெருவில் பழகிய பழக்கத்தை நம்பித்தான் அந்தத் தாய்மார் அனுப்புகிறார்கள். என்ன பாடம் நடத்தப் போகிறோம் என்பதை முதல் நாளே அவர்களிடம் சொல்லிவிட வேண்டும். பெற்றவர்களுக்குத் தெரியாமல் பிள்ளையிடம் வாக்கு வாங்கக் கூடாது. நம் பிள்ளையிடம் வேறு யாராவது அப்படி வாங்கினால் நாம் பொறுப்போமா?

இந்த ஆண்டுப் பாடத்தைத் திட்டமிடுகிறவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன். சின்னப் பிள்ளைகள் வகுப்பில் நரகப் படம் வேண்டாம். அறிக்கைத் தாளிலிருந்து அந்தக் கட்டத்தை எடுத்துவிடுங்கள். சகேயுவுக்கு இரண்டு நாள் ஒதுக்குங்கள். கதையை நடிக்கச் சொன்னால் எல்லாப் பிள்ளைகளுக்கும் சகேயு வேஷம்தான் வேண்டும், ஒரே நாளில் எல்லாருக்கும் முறை வராது.