வரியா, வாசலா?

அமெரிக்காவின் பழைய பெருநகரங்களை விட்டு மக்கள் தெற்கு நோக்கிப் பெயர்ந்து செல்வதைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் ஒரே விடைதான் முந்திக்கொண்டு வருகிறது: வரி. நியூயார்க்கிலும் இல்லினாயிலும் கலிஃபோர்னியாவிலும் வரி அதிகம். டெக்ஸாஸிலும் ஃப்ளோரிடாவிலும் மாநில வருமான வரியே கிடையாது. ஆகவே மக்கள் போகிறார்கள். கேட்பதற்கு எளிமையாகவும் சிலருக்கு மிகவும் உவப்பாகவும் இருக்கிற இந்த விடையை நாம் சற்று நிறுத்திச் சோதித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

பெயர்வு நிகழ்கிறது என்பதில் ஐயமில்லை. பத்தாண்டுக்கு ஒருமுறை எடுக்கப்படும் மக்கள்தொகைக் கணக்கின்படியே அந்நாட்டுப் பிரதிநிதிகள் சபையின் 435 இடங்களும் மாநிலங்களுக்குப் பகிர்ந்தளிக்கப்படுகின்றன. 1940ஆம் ஆண்டுக் கணக்கின்படி நியூயார்க் மாநிலத்துக்கு 45 இடங்கள். ஃப்ளோரிடாவுக்கு வெறும் 6. 2020ஆம் ஆண்டுக் கணக்குக்குப் பின் நியூயார்க்குக்கு 26, ஃப்ளோரிடாவுக்கு 28. அதே கணக்கில் டெக்ஸாஸ் இரண்டு இடங்களைக் கூடுதலாகப் பெற்று 38ஐ எட்டியது. கலிஃபோர்னியா தன் வரலாற்றில் முதல்முறையாக ஓரிடத்தை இழந்தது. நியூயார்க் மாநிலம் 89 பேர் குறைந்துபோனதால் ஓரிடத்தைப் பறிகொடுத்தது. அதிபர் தேர்தலில் ஒரு மாநிலத்துக்குரிய வாக்குகளும் இந்த எண்ணிக்கையை ஒட்டியே அமைவதால், வீடு மாற்றிக்கொள்ளும் குடும்பங்கள் தம்மை அறியாமலேயே நாட்டின் அதிகாரத்திலும் ஒரு பங்கை வண்டியில் ஏற்றிச் செல்கின்றன எனலாம்.

வரிக்கு இதில் பங்கே இல்லை என்று நாம் வாதிடவில்லை. நியூயார்க் நகரவாசி மத்திய அரசுக்கும் மாநிலத்துக்கும் நகராட்சிக்குமாக மூன்று வருமான வரிகளைச் செலுத்துகிறார். நிறுவனங்களும் இடம் மாறியிருக்கின்றன. டொயோட்டாவின் வட அமெரிக்கத் தலைமையகம் 2017இல் கலிஃபோர்னியாவிலிருந்து டாலஸ் அருகிலுள்ள பிளேனோவுக்கு வந்தது. சிடடெல் என்ற நிதி நிறுவனம் 2022இல் சிகாகோவை விட்டு மயாமிக்குச் செல்வதாக அறிவித்தது. ஆயினும் வருமான வரி இல்லாத அரசும் சாலை போட வேண்டும், பள்ளி நடத்த வேண்டும். டெக்ஸாஸ் அதைச் சொத்து வரியிலிருந்தும், உள்ளூர்ப் பங்கோடு சேர்த்து 8.25 விழுக்காடு வரை செல்லும் விற்பனை வரியிலிருந்தும் திரட்டுகிறது. விற்பனை வரி வாங்குகிறவரின் வருமானத்தைப் பார்ப்பதில்லை. தன் சம்பளம் முழுவதையும் செலவழித்தே தீர வேண்டிய ஏழைக்கு, மிச்சம் பிடிக்கக்கூடிய செல்வரைவிட அதன் சுமை கூடுதல். ஆகவே ‘குறைந்த வரி’ என்று நாம் சொல்லும்போது, யாருக்குக் குறைந்தது என்ற கேள்வி தொக்கி நிற்கிறது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வரிதான் காரணம் என்றால் முதலில் கிளம்ப வேண்டியவர்கள் பெருஞ்செல்வர்கள். சமூகவியலாளர் கிறிஸ்டோபல் யங் வருமான வரிக் கணக்குகளை ஆராய்ந்து 2017இல் வெளியிட்ட நூல் நேர்மாறான முடிவைத் தருகிறது. பத்து இலட்சம் டாலருக்கு மேல் ஈட்டுவோர் மற்றவர்களைவிடக் குறைவாகவே மாநிலம் மாறுகிறார்கள். அவர்களுடைய தொழிலும் தொடர்புகளும் ஊரோடு பின்னிக்கிடக்கின்றன. அப்படியானால் கிளம்புகிறவர்கள் யார்?

வற்றிய குளத்தை விட்டுப் பறவைகள் நீங்குவது இயற்கை. டெட்ராய்ட் அப்படிப்பட்ட குளம். ஆனால் நியூயார்க்கின் குளம் வற்றவில்லை. வேலையும் ஊதியமும் அங்கே இன்னும் உண்டு. 2020 கணக்கில் 88 இலட்சம் பேருடன் அந்நகரம் அதுவரை காணாத உச்சத்தைத் தொட்டது. உள்நாட்டுப் பெயர்வில் இழந்ததைவிடப் பிறப்பும் வெளிநாட்டிலிருந்து வருவோரும் ஈட்டித் தந்தது அதிகம். அங்கே நீருக்குக் குறைவில்லை. பறவை அமரக் கிளைதான் இல்லை.

மன்ஹாட்டன் தீவில் 1910இல் வாழ்ந்தவர்கள் 23 இலட்சம் பேர். 2020இல் 17 இலட்சத்துக்கும் சற்றுக் குறைவு. அன்றிருந்த நெரிசல் குடியிருப்புகளின் அவலத்தை நாம் திரும்ப விரும்பவில்லை. ஆனால் நெரிசலைத் தணிக்க வந்த விதிகள் நாளடைவில் கதவை அடைக்கும் விதிகளாகிவிட்டன. எந்த நிலத்தில் எவ்வகைக் கட்டடம், எத்தனை மாடி என்று வகுக்கும் நிலப்பயன்பாட்டுச் சட்டத்தை 1961இல் நியூயார்க் மேலும் இறுக்கியது. மன்ஹாட்டனில் இன்று நிற்கும் கட்டடங்களில் 40 விழுக்காட்டை நடப்பு விதிகளின்படி மீண்டும் கட்ட முடியாது என்று 2016இல் நியூயார்க் டைம்ஸ் நாளேடு எழுதியது. ஹூஸ்டன் மக்களோ அத்தகைய சட்டத்தை 1948, 1962, 1993 ஆகிய மூன்று ஆண்டுகளில் வாக்களித்து நிராகரித்தார்கள். தெற்கின் வளர்ச்சியில் வெயிலைவிட வீடு கட்டும் எளிமைக்கே பெரும்பங்கு என்று ஹார்வர்டு பொருளியலாளர் எட்வர்ட் கிளேசர் நெடுங்காலமாக வாதிட்டு வருவதை நாம் ஏற்கிறோம்.

இலக்கிய வாசகர்களுக்கு இந்தப் பாதைகள் புதியவை அல்ல. ஜான் ஸ்டைன்பெக்கின் ‘தி கிரேப்ஸ் ஆஃப் ராத்’ நாவலில் (1939) ஜோட் குடும்பம் ஒக்லஹோமாவை விட்டுக் கலிஃபோர்னியாவுக்குப் புறப்பட்டது. இன்று கலிஃபோர்னியாவிலிருந்து கிளம்பும் குடும்பங்கள் அதே திசையைத் திருப்பிப்போட்டு டெக்ஸாஸுக்குப் போகின்றன. தெற்கின் நிறவெறியிலிருந்து தப்பி ரிச்சர்ட் ரைட் 1927இல் சிகாகோ வந்தார். 1910க்கும் 1970க்கும் இடையில் அவ்வாறு வடக்கேயும் மேற்கேயும் சென்ற கறுப்பின மக்கள் சுமார் 60 இலட்சம் பேர். அதே சிகாகோவில் 1980இல் ஏறத்தாழ 12 இலட்சமாக இருந்த கறுப்பின மக்கள் 2020இல் 8 இலட்சத்துக்கும் கீழே குறைந்துவிட்டார்கள். அவர்களில் பலர் தம் பாட்டன்மார் விட்டு ஓடிய தெற்கிற்கே, அட்லாண்டாவுக்கும் டாலஸுக்கும், திரும்பியிருக்கிறார்கள். அவர்களை வரி ஏய்க்க ஓடியவர்கள் என்று சொல்ல எவருக்கும் நா எழாது. வேலை, பள்ளி, அச்சமற்ற தெரு, கைக்கெட்டும் விலையில் ஒரு வீடு ஆகியவையே அவர்கள் தேடியவை.

போகிறவர்களைப் பற்றி இவ்வளவு பேசும் நாம், இருப்பவர்களை மறந்துவிடுகிறோம். டெட்ராய்ட்டில் 1950இல் 18.5 இலட்சம் பேர், 2020இல் 6.4 இலட்சம் பேர். ஆட்கள் மூன்றில் இரண்டு பங்கு குறைந்தாலும் குடிநீர்க் குழாயின் நீளம் குறையவில்லை, ஓய்வூதியக் கடனும் குறையவில்லை. 2013இல் அந்நகராட்சி சுமார் 1800 கோடி டாலர் கடனோடு திவால் மனு அளித்தது. இறுதியில் ஓய்வுபெற்ற எளிய ஊழியர்களின் ஓய்வூதியத்திலும் வெட்டு விழுந்தது. கிளம்ப வசதியுள்ளவர் கிளம்பிய பின், கிளம்ப இயலாதவர் தலையில்தான் பழைய கணக்கெல்லாம் வந்து விழுகிறது. இந்தப் பெயர்வில் உண்மையான அநீதி என்று நாம் கருதுவது இதைத்தான்.

புதிய ஊர்களுக்கும் இந்தக் கணக்கு வராமல் போகாது. இளம் நகரத்தில் குழாய்கள் புதியவை, ஓய்வூதியர்கள் சிலர், ஆண்டுதோறும் புதிதாக வரி கட்ட வருவோர் பலர். வரி குறைவாக இருப்பதற்கு நிர்வாகத் திறமையோடு இந்த இளமையும் ஒரு காரணம். ஆனால் 2017இல் ஹார்வி புயல் ஹூஸ்டனை மூழ்கடித்தபோது, வெள்ளநீரைத் தேக்குவதற்கென அமைந்த நீர்த்தேக்கங்களின் உட்பகுதியிலேயே வீடுகள் எழுந்திருந்தது வெளிப்பட்டது. 2021 பிப்ரவரிக் குளிரில் டெக்ஸாஸின் மின்வழங்கல் நிலைகுலைந்து இருநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2023இல் ஃபீனிக்ஸ் நகரில் தொடர்ந்து 31 நாட்கள் வெப்பம் 43 பாகை செல்சியஸைத் தாண்டியது. நிலத்தடி நீர் போதாதென்று அதே ஆண்டில் அதன் புறநகர்களில் புதிய வீட்டு மனைகளுக்கு அரிசோனா அரசு கட்டுப்பாடு விதித்தது. இன்று செலுத்தாத வரி மன்னிக்கப்பட்ட வரியாகாது. பல வேளைகளில் அது தள்ளிப்போடப்பட்ட வரிதான்.

நம்மவர்களும் இந்தப் பெயர்வில் இருக்கிறார்கள். நியூயார்க்கின் ஃப்ளஷிங்கில் 1977இல் பிள்ளையார் கோயில் குடமுழுக்குக் கண்டது. அடுத்த சில ஆண்டுகளிலேயே ஹூஸ்டன் அருகே பேர்லாந்தில் மீனாட்சி கோயில் எழுந்தது. டாலஸின் வடபுறநகர்களில் தமிழ்க் குடும்பங்கள் நிறைந்திருக்கின்றன. நம் கூடுகைகளிலும் வரி மிச்சக் கணக்கு உற்சாகமாகப் பேசப்படுகிறது. பேசட்டும், ஆனால் கணக்கு முழுமையாக இருக்கட்டும்.

பழைய நகரங்கள் செய்ய வேண்டியது வரியைக் குறைக்கும் போட்டியில் இறங்குவதன்று என்பதே நம் கருத்து. அப்போட்டியில் அவை வெல்லப்போவதில்லை. வென்றாலும் முதலில் வெட்டப்படுவது ஏழைகளின் பேருந்தும் பள்ளியும்தான். அவை திறக்க வேண்டியது வாசலை. ஆஸ்டின் நகரம் பெருமளவில் வீடுகளைக் கட்டியபோது, ஏறிக்கொண்டேயிருந்த வாடகை 2022க்குப் பின் இறங்கியது. நியூயார்க்கும் 2024 டிசம்பரில் தன் விதிகளைத் தளர்த்தி, 15 ஆண்டுகளில் சுமார் 80 ஆயிரம் புதிய வீடுகளுக்கு வழிசெய்ய முனைந்தது. 2020 கணக்கில் 88 இலட்சம் பேர் வாழ்ந்த ஊருக்கு இது சிறிய திறப்புதான். வீடு வைத்திருப்பவர்கள் தம் தெருவில் இன்னொரு மாடி எழுவதைப் பொறுத்துக்கொண்டால் மட்டுமே அது பெரிதாகும். அதற்கு மனமில்லாதவர்கள், பக்கத்து வீட்டுப் பிள்ளை டெக்ஸாஸுக்குப் போய்விட்டான் என்று வரியைப் பழிப்பதில் நியாயமில்லை.