தலையாட்டி பொம்மையை நம்பி...

பொங்கலுக்கு நெய்வேலி வந்தும் பொட்டி தட்டுறது விடலை மக்கா. குவார்ட்டர்ஸ் வாசல்ல பலா மர நிழல்ல உக்காந்திருந்தா ஆபீஸ்லேர்ந்து போன். மூணு நாளா வாடிக்கையாளர் யாருக்கும் ரசீது மெயில் போகலையாம். "டெஸ்ட் எல்லாம் பாஸ் ஆகுதே!" என்று வாய் கூசாமல் சொன்னது அடியேன்தான்.

நடந்தது இதுதான். யாரோ நிரலை ஒழுங்குபடுத்தறேன் பேர்வழின்னு மெயில் அனுப்புற வரியையே தூக்கிட்டாங்க. அதைப் பிடிக்கத்தான் நான் டெஸ்ட் எழுதி வச்சிருந்தேன். மெயில் சர்வருக்குப் பதிலா பைத்தானோட மாக் ஆப்ஜெக்ட். கடைசி வரியில் 'அசர்ட்_கால்டு_ஒன்ஸ்_வித்' என்று இருக்கணும். நான் அடிச்சது வெறும் 'கால்டு_ஒன்ஸ்_வித்'. அப்படி ஒரு ஃபங்ஷனே கிடையாது. ஆனா மாக் இருக்கே, அது நம்ம தஞ்சாவூர் தலையாட்டி பொம்மை. எந்தப் பேரைக் கேட்டாலும் அந்த நொடியே ஒண்ணை உருவாக்கிக் கொடுத்து "ஆமாம் சாமி" போடும். எதையும் சரிபார்க்காமலே டெஸ்ட் பச்சையா எரியும். 2023-ல் வந்த பைத்தான் 3.12 இந்தத் தப்புக்குப் பிழை காட்டும். எங்க ஆபீஸ்ல ஓடுறது அதுக்கு முந்தினது.

"நீ தப்பா அடிச்சதுக்கு மாக்கை ஏன்யா திட்டுற?" என்பீங்க. நியாயம்தான். ஆனா ஒரு டெஸ்ட் தோக்குமான்னு ஒரு தடவைகூட பார்க்காம, கவரேஜ் 95-ஐத் தாண்டினா கேக் வெட்டுற நம்ம பழக்கத்தைத் திட்டலாம்ல? டேட்டாபேஸ் மாக், மெயில் மாக், கடிகாரம்கூட மாக். அப்புறம் எதைத்தான் சோதிக்கிறோம்?

அப்பாவுக்கு சுரங்கத்துல பம்ப் பக்கம் வேலை. இங்கே பழுப்பு நிலக்கரிக்கு அடியில் நிலத்தடி நீர் மேல்நோக்கி முட்டிக்கிட்டே இருக்கும். ராப்பகலா இறைச்சு அழுத்தத்தைக் குறைக்கலேன்னா சுரங்கத்துக்குள்ள தண்ணி பொத்துக்கிட்டு வந்துடும். என் கதையைக் கேட்டுட்டு அவர் கேட்டது ஒண்ணுதான்: "ஏன்டா, லைட் எரியுதான்னு பாத்தியா, தண்ணி வருதான்னு பாத்தியா?"

நான் மட்டும் இல்ல, பெரிய இடத்துலயும் நடந்திருக்கு. 1996 ஜூன் 4-ல் ஏரியன் 5 ராக்கெட் கிளம்பி ஒரு நிமிஷம்கூட ஆகலை, வெடிச்சுச் சிதறிடுச்சு. திசை காட்டுற கருவியோட மென்பொருள் ஏரியன் 4-லேர்ந்து எடுத்தது. 64 பிட் எண்ணை 16 பிட்டுக்குள்ள திணிக்கப் போய் மண்டையைப் போட்டுது. முன்னாடி நடந்த ஒட்டுமொத்த சிமுலேஷன் சோதனையில் நிஜக் கருவி இல்லை, அதைப் போல நடிக்கிற மென்பொருள்தான் இருந்ததுன்னு விசாரணை அறிக்கை சொல்லுது. ராக்கெட் விஞ்ஞானிகளுக்கே இந்த கதின்னா...

மாக்கே வேணாம்னு சொல்ல வரலைங்க. ஒவ்வொரு டெஸ்டுக்கும் பேமென்ட் கேட்வேயை நிஜமா கூப்பிட்டா கம்பெனி திவாலாயிடும். ஆனா ஆட்டோஸ்பெக் போட்டுத் தொலைங்க. அசல்ல இல்லாத பேரைக் கேட்டா அங்கேயே கத்தும். எழுதின கையோட நிரலை வேணும்னே உடைச்சு, சிவப்பு வருதான்னு பாருங்க. ஒரே ஒரு டெஸ்டாவது நிஜ மெயில் சர்வர் வரைக்கும் போகட்டும்.

அன்னிக்கு ராத்திரி மத்த டெஸ்டுகளையும் தோண்டினேன். இதே தப்பு இன்னும் பதினோரு இடத்துல. அதுல எட்டு நான் எழுதினது.